ஆளோட்டிகளும் ஆயர்களும்: கொடிய மேலாளரின்கீழ் உழைப்போர்க்கு ஆலோசனை கூறுதல்

"இன்னும் எத்தனை நாள் பொறுத்துக்கொள்வது?" என்னும் வினா ஆயர்களுக்குப் புதிதன்று. உப்பளத் தொழிலாளரும், நூற்பாலையில் இரவுப்பணி பார்க்கும் இளம்பெண்ணும், துணிக்கடையில் நாள்முழுதும் நிற்பவரும், மேலதிகாரியின் ஏச்சைக் கேட்டுக் கேட்டு உறக்கம் இழந்த எழுத்தரும், திருச்சபை நடத்தும் பள்ளியில் பாடம் சொல்லும் ஆசிரியையும் இவ்வினாவைச் சுமந்துகொண்டு ஆயரின் இல்லத்துக்கு வருகின்றனர். பெரும்பாலும் அவர்கள் பெறும் விடை ஒன்றே: பொறுமையாயிருங்கள், ஜெபியுங்கள், ஆண்டவர் பார்த்துக்கொள்வார். இவ்விடையில் உண்மை உண்டு. எனினும், இதைக் கேட்டுச் செல்பவர் மறுநாட் காலையில் எத்தகைய இடத்துக்குத் திரும்புகின்றார் என்பதை விடை கூறியவர் அறிந்திருக்கின்றாரா என்று நாம் கேட்டாக வேண்டும்.

பணித்தலத்தில் நிகழும் கொடுமையை ஒரு தனி மனிதரின் கெட்ட குணமாக மட்டும் கண்டால், அதற்கு நாம் தரக்கூடிய மருந்து பொறுமை ஒன்றேயாகும். அக்குணத்துக்கு இடங்கொடுத்து அதை வளர்த்துவரும் ஏற்பாட்டையும் சேர்த்துக் காண்போமானால் நம்முடைய ஆலோசனையும் விரிவடையும். இதனை விளக்குதற்கு, மரக்காணம் உப்பளக் கரையை அடுத்துள்ள பிரம்மதேசம் பகுதியிலிருந்து தொடங்குவோம்.

1. உப்பளக் கரையில்

திண்டிவனத்திலிருந்து கிழக்கே மரக்காணம் நோக்கிச் செல்லும் வழியில் உள்ளது பிரம்மதேசம். இவ்வூரின் பெயரே நிலவுரிமையின் பழைய வரலாற்றை நினைவூட்டுகின்றது. பிரம்மதேயம் என்பது மன்னர்கள் அந்தணர்க்கு அளித்த நிலக்கொடை. இப்பெயரைத் தாங்கிய ஊர்கள் தமிழ்நாட்டில் பல உண்டு. நிலத்துக்கு உரியவர் ஒருவர், அதில் வியர்வை சிந்துபவர் வேறொருவர் என்னும் முறை இம்மண்ணில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதை இப்பெயர்கள் காட்டுகின்றன.

இதற்குக் கிழக்கே கழுவெளியும், உப்பங்கழியும், பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியும், மூவாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட மரக்காணத்து உப்பளங்களும் விரிந்து கிடக்கின்றன. உப்பு விளைவிக்கும் தொழில் எளியதுபோல் தோன்றும். உண்மையில் அது மிகக் கடியது. பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்தி, உவர்நீரைப் படிப்படியாகப் பாய்ச்சி, வெயிலில் அது செறிவுற்று உப்பாகப் பூக்கும்வரை காத்து, நீண்ட கழி பூட்டிய பலகையால் வாரி, வரப்பில் குவித்து, தலைச்சுமையாகக் கொண்டுசென்று அம்பாரமாக்க வேண்டும். ஏறத்தாழ ஜனவரியில் தொடங்கும் பருவம் வடகிழக்குப் பருவமழையோடு முடிந்துவிடும். எதிர்பாராது பெய்யும் ஒரு கோடைமழை பல நாள் உழைப்பைக் கரைத்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர்வரை வேலையில்லாத இம்மக்களின் குடும்பம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. மழைக்காலத்தின் வெறுமை எவ்வளவு கடுமையானது என்பதற்கு இத்திட்டமே சான்று.

தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 2017 முதல் 2020 வரை 352 தொழிலாளரிடம் நடத்தப்பெற்று 2023-இல் வெளியான மருத்துவ ஆய்வொன்று நம் கவனத்துக்குரியது. அவர்களுள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர், பாதுகாப்பானதென்று வகுக்கப்பட்ட அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்தனர். 7 விழுக்காட்டினரின் சிறுநீரகங்கள் செயல்திறன் குன்றியிருந்தன. வேலைத்தலத்தில் குடிநீரும் கழிப்பிடமும் போதாமை இதனை மிகுவிக்கின்றது. ஒதுங்க மறைவிடமில்லாத பெண்கள் தாகத்தை அடக்கிக்கொள்கின்றனர்; நீர் அருந்தினால் பின்னர் படும் அவமானம் தாகத்தினும் கொடியதாயிருக்கின்றது.

இங்கு ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். இந்நிலைமைக்கு எவரும் எவரையும் அடிக்கத் தேவையில்லை, ஏசவும் தேவையில்லை. மேற்பார்வையாளர் இன்சொல் பேசுபவராயிருந்தாலும், நிழலும் நீரும் கழிப்பிடமும் இல்லாத களம் தன் கொடுமையைத் தானே செய்துகொண்டிருக்கும். அத்தகைய களத்தில் வன்சொல் பேசும் ஒருவர் மேலாளராக வந்துவிட்டால், தட்டிக்கேட்பதற்கு உரிய மனவலிமை தொழிலாளரிடம் எஞ்சியிராது. உப்பளம், செங்கற்சூளை, அரிசி ஆலை, மரம்வெட்டு ஆகிய தொழில்களில், வேலையற்ற நாட்களில் வாங்கிய முன்பணம் வேலை நாட்களில் வாயைக் கட்டிவிடும் நிலை தமிழகத்தின் பல இடங்களில் காணப்பட்டுள்ளது. திண்டிவனத்தை நிலைக்களமாகக் கொண்டு பேராசிரியர் பிரபா கல்விமணி முதலானோர் 1990-களிலிருந்து பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின்வழி ஆற்றிவந்த பணி, இத்தகைய கட்டுகளுக்குள் சிக்கியவர்கள் இப்பகுதியிலேயே இருந்தனர் என்பதை வெளிப்படுத்திற்று.

2. கொடுமைக்கு ஓர் ஒழுங்கு உண்டு

பணித்தலக் கொடுமை எவ்வாறு இயங்குகின்றது என்பதை யாத்திராகமத்தின் ஐந்தாம் அதிகாரத்தைப்போல் சுருக்கமாகவும் நுட்பமாகவும் விளக்கும் பகுதி வேறொன்று இருத்தல் அரிது. அதனைப் பார்வோன் என்னும் ஒரு கொடியவனின் கதையாக வாசித்துப் பழகிவிட்டோம். அதனுள் ஐந்து படிகள் உள்ளன.

முதலாவது, கருவியைப் பறித்துவிட்டு அளவைக் குறைக்காதிருத்தல். வைக்கோல் கொடுப்பது நிறுத்தப்படுகின்றது; செங்கலின் தொகையோ முன்போலவே கேட்கப்படுகின்றது. பணியாளரின் எண்ணிக்கையைப் பாதியாக்கிவிட்டு அதே வேலையை அதே நாளில் முடிக்கச் சொல்லும் அலுவலகம் செய்வதும் இதுவே.

இரண்டாவது, இயலாமைக்குச் சோம்பல் என்று பெயரிடுதல். வழிபாட்டுக்கு விடுப்புக் கேட்டவர்கள் வேலைக்குக் கள்ளஞ்செய்கின்றவர்களாகச் சித்திரிக்கப்படுகின்றனர். இப்பழிச்சொல்லை நாள்தோறும் கேட்பவர் காலப்போக்கில் தம்மைப்பற்றித் தாமே அவ்வாறு நம்பத் தொடங்கிவிடுவார்.

மூன்றாவது, ஒடுக்கப்பட்டோரிலிருந்தே மேற்பார்வையாளரைத் தெரிந்தெடுத்தல். எகிப்திய ஆளோட்டிகளுக்குக் கீழே இஸ்ரவேலரிலிருந்து தலைவர்கள் நியமிக்கப்படுகின்றனர். அளவு குறைந்தால் அடிபடுபவர்கள் அவர்களே. இலங்கை, மலேயாத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிச் சென்ற கங்காணி, நம் ஆலைகளின் மேஸ்திரி, இன்றைய ஒப்பந்தக்காரரின் ஆள் ஆகியோர் இவ்வரிசையில் வருபவர்கள். கீழே இருப்பவரை வதைப்பவர் பலர் மேலே இருப்பவரிடம் வதைபடுபவர்களாகவும் இருக்கின்றனர்.

நான்காவது, முறையீட்டின் வாயிலை அடைத்தல். தலைவர்கள் பார்வோனிடமே சென்று முறையிடுகின்றனர். குற்றம் செய்தவரே நீதிபதியாகவும் இருப்பதால் முறையீடு புதிய குற்றச்சாட்டாகத் திரும்பி வருகின்றது.

ஐந்தாவது, பாதிக்கப்பட்டோர் ஒருவரையொருவர் பழித்தல். அரண்மனையிலிருந்து வெளியேறிய தலைவர்களின் சினம் பார்வோன்மீது பாயவில்லை. வெளியே நின்ற மோசேயின்மீதும் ஆரோனின்மீதும் பாய்கின்றது. குரல் கொடுத்தவராலேயே துன்பம் பெருகிற்று என்னும் எண்ணம் எல்லாப் பணித்தலங்களிலும் எழுவதாகும். இந்த ஐந்தாம் படியை அறியாத ஆயர், உதவப் புகுந்து முதல் எதிர்ப்பிலேயே மனம் உடைந்து விலகிவிடுவார்.

இப்படிகளைத் தம்மிடம் வருபவரோடு சேர்ந்து எண்ணிப் பார்ப்பதே ஆலோசனையின் தொடக்கமாகலாம். தம் துன்பத்துக்கு ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டுகொண்டவர், குறை தம்மிடத்திலேதான் என்னும் வீண்பாரத்திலிருந்து விடுபடுகின்றார்.

3. வரலாறு கற்பிப்பது

தமிழகத்து உழைப்போர் இத்துன்பத்தை எவ்வாறு எதிர்கொண்டனர்? மூன்று நிகழ்ச்சிகளைக் குறிப்பிடுவோம்.

மரக்காணத்துக்கு வடக்கேயுள்ள செங்கற்பட்டு மாவட்டத்தில் ஆட்சியராயிருந்த டிரெமன்ஹீர், அங்குள்ள பறையர் சமுதாயத்தின் நிலைபற்றி 1891-இல் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். கடனால் மிராசுதாரரிடம் கட்டுண்ட கூலியாட்களின் நிலை அதில் விவரிக்கப்பட்டது. ஆதம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிமாரும் அக்காலத்தில் இதே சிக்கலை வற்புறுத்தி எழுதினர். கூலியாள் குடியிருக்கும் மனையே மிராசுதாரரின் கையில் இருந்ததால், எதிர்த்துப் பேசியவர் வேலையை மட்டுமன்றிக் குடிசையையும் இழக்க நேர்ந்தது. இம்முயற்சிகளின் பயனாக 1892-இல் ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றளவும் பேசப்படுவது அதன் வழிவந்ததே. அக்காலத்து ஆயர்கள் கூலியாளுக்குத் துணிவைப் போதித்ததோடு நில்லாமல், துணிவுக்கு அடிநிலமாகிய மனையுரிமையையும் கேட்டனர் என்பது நாம் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி.

அடுத்தது, தூத்துக்குடி கோரல் ஆலை. 1908 பிப்ரவரி 27-இல் அங்குத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணைநின்றனர். சில நாட்களுக்குள் ஊதிய உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிட்டின. எனினும் மார்ச் மாதத்திலேயே இரு தலைவர்களும் கைது செய்யப்பட்டனர். வார ஓய்வு என்பது இன்று நமக்கு இயல்பாகத் தோன்றினாலும், அதனைப் பெற்றவர்களும் பெற்றுத்தந்தவர்களும் விலை கொடுத்தே பெற்றனர்.

மூன்றாவது, சென்னைத் தொழிற்சங்கம். பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர், அப்பகுதி வணிகர்களான செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் நடத்திவந்த சமயச் சபைக்குச் சொற்பொழிவு கேட்க வருவதுண்டு. உணவுக்குப் போதிய இடைவேளை இல்லாமை, மேலதிகாரிகளின் இழிவான நடத்தை ஆகிய குறைகள் அங்கேதான் காதுகொடுத்துக் கேட்கப்பட்டன. அதன் விளைவாக 1918 ஏப்ரல் 27-இல் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு, திரு.வி.க.வின் துணையோடு, இந்நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கமென்று கருதப்படும் சென்னைத் தொழிற்சங்கம் தோன்றிற்று. வழிபாட்டுக்குக் கூடிய மக்கள் தம் குறையைச் சொல்லவும் அங்கே இடம் கண்டனர் என்பதை ஆயர்கள் ஆழ்ந்து சிந்திப்பது நன்று. மூன்றே ஆண்டுகளில், 1921-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது, ஆதிதிராவிடத் தொழிலாளர்க்கும் ஏனையோர்க்கும் பிளவு ஏற்பட்டுப் புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. தமக்குள் சாதியை வைத்துக்கொண்டு மேலாளரிடம் நீதி கேட்கும் கூட்டம் எளிதில் உடைந்துபோகும் என்பதை அது மெய்ப்பித்தது.

4. பேதுருவின் சொல்லை எவ்வாறு வாசிப்பது?

முரட்டுக்குணமுள்ள எஜமான்களுக்கும் கீழ்ப்படிந்திருக்கும்படி வேலைக்காரர்க்குக் கூறும் 1 பேதுரு 2:18 இவ்விடத்தில் நம்முன் வருகின்றது. துன்பப்படுவோரைத் திருப்பி அனுப்புதற்கு இவ்வசனமே மிகுதியும் பயன்படுத்தப்படுவதால் இதனைச் சற்று நின்று நோக்குவோம்.

இங்கு வேலைக்காரர் என மொழிபெயர்க்கப்பட்டுள்ள ஒய்கெத்தாய் என்னும் கிரேக்கச் சொல் வீட்டு அடிமைகளைக் குறிப்பது. ரோமச் சட்டத்தில் அடிமை எஜமானின் உடைமை. அவருக்கு வழக்காட உரிமையில்லை, வேலையை விட்டு நீங்க வழியில்லை, தப்பியோடினால் கடுந்தண்டனை. வாயில்கள் யாவும் அடைபட்டிருந்த மக்களுக்கு, அந்நிலையிலும் அவர்கள் தம் மாண்பை இழக்காதிருக்கும் வழியைத் திருத்தூதர் காட்டுகின்றார். வாயில் திறந்திருக்கும்போது அதன்வழி வெளியேறலாகாது என்று அவர் கூறவில்லை.

முரட்டுக்குணம் எனத் தரப்பட்டுள்ள ஸ்கோலியோஸ் என்னும் சொல்லின் நேர்ப்பொருள் வளைந்தது, கோணலானது என்பதாகும். ஆகவே திருத்தூதர் அத்தகைய எஜமானை நல்லவரென்று மூடி மறைக்கவில்லை. கோணலைக் கோணல் என்றே பெயரிடுகின்றார். அடுத்துவரும் வசனங்கள் அநியாயமாய்ப் பாடுபடுதலைப் பற்றிப் பேசுவதால், நிகழ்வது அநியாயம் என்னும் தீர்ப்பும் அங்கே அடங்கியுள்ளது. துன்புறுவோரை நோக்கிய இப்பகுதியைத் துன்புறுத்துவோர்க்குக் கேடயமாக்குவது அதன் நோக்கத்துக்கு மாறானது.

பிற பகுதிகளையும் ஒப்பிடுதல் வேண்டும். விசாரணையின்போது கன்னத்தில் அறையுண்ட இயேசு, தாம் பேசியது தவறானால் அதனை எடுத்துக்காட்டும்படியும், சரியானால் அடித்தது ஏன் என்றும் வினவியதாக யோவான் 18-இல் காண்கின்றோம். பிலிப்பியில் சட்டத்துக்குப் புறம்பாக அடிக்கப்பட்ட பவுல், இரகசியமாக வெளியேற மறுத்து, அதிகாரிகளே நேரில் வரவேண்டும் என்றார். எருசலேமில் தம் குடியுரிமையை எடுத்துரைத்தார். செசரியாவில் இராயனுக்கு மேல்முறையீடு செய்தார். அறுவடை செய்தவரின் பிடித்துவைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகின்றது என்று யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் கூறும்போது, அக்கூக்குரல் அடக்கப்பட வேண்டியதென்று கருதவில்லை; அது சேனைகளின் கர்த்தருடைய செவிக்கு எட்டியதென்றே கூறுகின்றது. முறையிடுதல் விசுவாசக் குறைவு என்னும் எண்ணத்துக்குத் திருமறையில் ஆதாரம் காண்பது அரிது.

5. பகுத்தறிந்து ஆலோசனை கூறுதல்

எல்லா மேலாளரையும் ஒரே தட்டில் வைத்தல் நீதியன்று. மூவகையினரைப் பிரித்தறிதல் ஆயருக்கு உதவும்.

முதல் வகையினர் கண்டிப்பானவர்கள். காலந்தவறாமையையும் வேலைத்திருத்தத்தையும் கேட்பவர்கள். சொல் கடுமையாயிருந்தாலும் எல்லாரையும் ஒரே அளவுகோலால் அளப்பவர்கள். இவர்களின்கீழ் உழைப்பவர்க்குப் பொறுமையும், நேரில் பணிவாகப் பேசித் தெளிவுபெறுதலும் போதும்.

இரண்டாம் வகையினர் நேர்மையற்றவர்கள். பிறர் நடுவே இழிவுபடுத்துவர், புறங்கூறுவோரை ஊக்குவிப்பர், பிறர் உழைப்பின் பெயரைத் தாம் எடுத்துக்கொள்வர், யாக்கோபின் சம்பளத்தைப் பன்முறை மாற்றிய லாபானைப்போல் கொடுத்த வாக்கை மாற்றுவர். இவர்களின் செயல் எப்போதும் சட்டத்தின் பிடிக்குள் வராது. இங்குப் பாதிக்கப்பட்டவர் செய்யத்தக்கவை சில உண்டு. நாள், இடம், கூறப்பட்ட சொல், உடனிருந்தோர் ஆகியவற்றை அன்றன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல்; வாய்மொழி ஆணையை எழுத்தில் கேட்டுப் பெறுதல்; தனித்துச் செல்லாமல் இருவர் மூவராகச் சென்று பேசுதல்; அவ்விடத்திலேயே செவிசாய்க்கக்கூடிய ஒருவரைக் கண்டறிதல். நாபாலிடம் பேசிப் பயனில்லை என்று அறிந்த அவனுடைய வேலைக்காரன் அபிகாயிலிடம் சென்று உண்மையைக் கூறியதனாலேயே அவ்வீடு அழிவினின்று தப்பிற்று. இவை யாவும் பயனற்றுப்போனால் வேறு வேலை தேடிச் செல்வது கோழைத்தனமன்று. சவுலின் ஈட்டிக்கு விலகி ஓடிய தாவீதை எவரும் கோழை என்பதில்லை.

மூன்றாம் வகையினர் சட்டத்தை மீறுபவர்கள். அடிப்பது, கூலியைப் பிடித்துவைப்பது, முன்பணத்தைக் காட்டி வெளியேற விடாதிருப்பது, சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்துவது, பெண்களிடம் தகாத முறையில் நடப்பது ஆகியவை இதில் அடங்கும். இங்குப் பொறுமையை மட்டும் போதிப்பது பாதிக்கப்பட்டவரை ஆபத்துக்குள் திருப்பி அனுப்புவதாகும். ஆகவே ஆயர்கள் சில சட்டங்களையாவது அறிந்திருத்தல் கடமை.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டத்தின்படி, கொத்தடிமைக் கடன் முற்றாக நீங்கிவிடுகின்றது. கடன் அத்தகையதன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. உட்கோட்ட அளவிலும் மாவட்ட அளவிலும் கண்காணிப்புக் குழுக்கள் இருத்தல் வேண்டும். பிரம்மதேசம் பகுதி மக்கள் நாடவேண்டிய இடம் திண்டிவனம் சார் ஆட்சியர் அலுவலகம். விடுவிக்கப்பட்டோர்க்கு அரசுத் திட்டத்தின்படி நிலைமைக்கேற்ப 1 லட்சம், 2 லட்சம், 3 லட்சம் ரூபாய் என மறுவாழ்வு உதவி உண்டு. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் குறைவான கூலிக்கு வறுமையின் நெருக்கடியால் உழைப்பதும் அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று, ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண்கள் பணியிடத்தில் எதிர்கொள்ளும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ளகக் குழு வேண்டும். அதற்குக் குறைந்த இடங்களில் பணிபுரிவோரும் வீட்டுவேலை செய்வோரும் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவில் முறையிடலாம். பொதுவாக மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடல் வேண்டும். பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் காக்கின்றது. பெண்களுக்கும், இவ்விரு பிரிவினர்க்கும், தொழிலாளர்க்கும் சட்டப்பணிகள் குழுவின் இலவச உதவி உண்டு.

சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டத்து நிகழ்ச்சி ஒன்று சான்று. 2021 ஜனவரியில் ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் பணிபுரிந்த தலித் இளம்பெண் கொலையுண்டார். அவருடைய மேற்பார்வையாளரே அதில் குற்றஞ்சாட்டப்பட்டார். அதன்பின் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாது முயன்று, 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடும் ஆடைகளை வாங்கும் பன்னாட்டு நிறுவனத்தோடும் ஓர் உடன்பாடு கண்டது. 25 தொழிலாளர்க்கு ஒருவர் என்னும் கணக்கில் தொழிலாளரிலிருந்தே கண்காணிப்போர் பயிற்சி பெற்றனர். முறையிடுவோரைப் பழிவாங்குதல் தடைசெய்யப்பட்டது. முறையீடுகள் எழுந்தன, பெரும்பாலானவை தீர்த்துவைக்கப்பட்டன. பார்வோனின் ஏற்பாட்டில் கீழிருந்து எடுக்கப்பட்டவர் மேலிருப்பவரின் கையாளானார். இங்கோ கீழிருந்து எடுக்கப்பட்டவர் தம் தோழியரின் காவலரானார். 2021-இல் தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, கடைப்பணியாளர் அமர்வதற்கு இருக்கை தரப்பட வேண்டும் என்று வகுக்கப்பட்டதும் இங்குக் குறிப்பிடத்தக்கது. அதற்கு முன்னரே, 2018-இல் கேரளத்தில் அத்தகைய திருத்தம் வருதற்குக் கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் பல்லாண்டு போராடினர்.

ஆயருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. பாதிக்கப்பட்டவரின் இசைவின்றி மேலாளரிடம் சென்று பரிந்துபேசுதல் கூடாது. அடுத்த நாள் வேலையை இழப்பவர் ஆயர் அல்லர். முன்பணம், குடியிருப்பு, பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றில் எவை எவை அந்த மேலாளரின் கையில் உள்ளன என்பதை முதலில் அமர்ந்து கணக்கிட வேண்டும். எப்போது, எவரோடு, எங்கே பேசுவது என்பதைப் பாதிக்கப்பட்டவரே தீர்மானிக்க வேண்டும். ஆயர் உடன்செல்ல வேண்டும்.

6. உள்ளத்தின் காயம்

நீண்ட நாள் இழிவுபட்டவரின் உள்ளம் எந்நிலையில் இருக்கும்? விடுதலையின் செய்தியை மோசே கொண்டுவந்தபோது, மனமுறிவாலும் கொடுமையான வேலையாலும் மக்கள் அதற்குச் செவிகொடாமற் போயினர் என்று யாத்திராகமம் ஆறாம் அதிகாரம் கூறுகின்றது. அங்கே மக்கள் கண்டிக்கப்படவில்லை. களைத்துப்போன உள்ளத்தில் நற்செய்தியும் நுழைவதில்லை என்னும் உண்மை அமைதியாகப் பதிவு செய்யப்படுகின்றது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல், பணிச்சூழலின் நீடித்த அழுத்தத்தால் விளையும் உளச்சோர்வைத் தன் நோய் வகைப்பாட்டில் பணி சார்ந்த நிகழ்வாக விளக்கிற்று. ஆற்றல் முற்றும் வற்றிப்போதல், செய்யும் வேலையில் வெறுப்பும் பற்றின்மையும் தோன்றுதல், தம்மால் எதுவும் ஆகாது என்னும் உணர்வு ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். இவற்றை அறியாதோர் முதலாவதை உடல்நலக் குறைவென்றும், இரண்டாவதைச் சோம்பலென்றும், மூன்றாவதை அவிசுவாசமென்றும் கருதிவிடுவர்.

இச்சோர்வைச் சிலர் வீட்டுக்குள் கொண்டுவந்து மனைவி மக்கள்மீது இறக்கிவைக்கின்றனர். சிலர் குடியில் மூழ்க முயல்கின்றனர். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் நச்சுச் சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அவ்வாறு இறந்தோர் ஒவ்வொருவரின் மனத்திலும் என்ன இருந்தது என்று நாம் ஆராயப் புகவேண்டா. உடல் நோக உழைப்போர் வாழும் ஊரில் வலியைச் சொல்லி ஆற்றிக்கொள்ளும் இடங்கள் குறைந்து, வலியை மறக்கச்செய்யும் இடங்கள் மிகுந்திருத்தல் திருச்சபை கவலைகொள்ள வேண்டிய செய்தியாகும்.

ஆகவே ஆயரின் முதற்பணி குறுக்கிடாமல் கேட்பது. அடுத்தது, ஒரே துன்பத்தில் இருப்போரை ஒருவரோடொருவர் இணைப்பது. தனக்கு மட்டுமே நேர்ந்தது என்று எண்ணியவர் பிறர் சொல்வதைக் கேட்கும்போதே பாதி பாரம் நீங்கும். ஓய்வுநாளை உழைப்போர்க்கு உண்மையான ஓய்வாக்குவதும் வேண்டும். அன்றைக்கும் அவர்களைக் கூட்டங்களிலும் வேலைகளிலும் பிழிந்தெடுக்கும் சபை, ஆறு நாள் ஆளோட்டிக்கு ஏழாம் நாள் துணைசெய்வதாகிவிடும். உறக்கமின்மை நீடித்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினாலோ மருத்துவரிடம் அழைத்துச் செல்லக் காலந்தாழ்த்தல் ஆகாது.

7. திருச்சபையும் ஒரு முதலாளியே

பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், விடுதிகள், அச்சகங்கள் எனத் திருச்சபை பல்லாயிரம் பேருக்கு வேலை தருகின்றது. ஆகவே மேலே கூறிய யாவும் திருச்சபையின் அலுவலகங்களுக்கும் பொருந்தும். இங்கு ஒரு தனிச்சிக்கலும் உண்டு. ஊழியம் என்னும் உயர்ந்த சொல், குறைந்த சம்பளத்தையும் வரையறையற்ற வேலைநேரத்தையும் மூடும் போர்வையாக எளிதில் மாறக்கூடும். தாளாளரை எதிர்த்துப் பேசுவது கடவுளை எதிர்ப்பதாகச் சித்திரிக்கப்பட்டால், பணியாளர்க்கு வேலையோடு சபை உறவும் பறிபோகின்றது. உலக நிறுவனத்தில் துன்புறுவோர் ஆயரிடம் வரலாம். ஆயரே மேலாளராயிருக்கும் இடத்தில் துன்புறுவோர் எங்கே செல்வர்?

ஆதித் திருச்சபை இதற்கு ஒரு நல்வழியைக் காட்டியுள்ளது. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தபோது, திருத்தூதர்கள் அதனைக் கலகம் என்று அடக்கவில்லை. சபையைக் கூட்டினர், குறையை ஏற்றனர், பொறுப்பை வேறு எழுவரிடம் ஒப்படைத்தனர். அவ்வெழுவரும் கிரேக்கப் பெயருடையவர்களாயிருப்பது, குறைகூறிய பிரிவினரிடமே பொறுப்புத் தரப்பட்டது என்று கருத இடந்தருகின்றது. எழுத்தில் வகுத்த பணிவிதிகள், நிருவாகத்தைச் சாராதவர் இடம்பெறும் முறையீட்டுக் குழு, சட்டம் கேட்கும் உள்ளகக் குழு, உரிய நாளில் உரிய ஊதியம் ஆகியவற்றைத் திருச்சபை நிறுவனங்கள் பிறர் வற்புறுத்துமுன் தாமே ஏற்படுத்துதல் வேண்டும். பரலோகத்தில் தமக்கும் ஓர் எஜமான் உண்டு என்று எஜமான்களுக்கு நினைவூட்டும் கொலோசெயர் நிருபத்தின் சொல், தாளாளரின் மேசைக்கு எதிரே தொங்கத்தக்கது.

இறையியல் மாணாக்கர்க்கு இறுதியாக ஒன்று கூறுவோம். நீங்கள் எந்தச் சேகரத்துக்கு அனுப்பப்பட்டாலும், முதல் ஆண்டிலேயே அவ்வூர் மக்கள் வேலைசெய்யும் களங்களை, அவர்கள் வேலைசெய்யும் நேரத்தில், நடந்து சென்று பாருங்கள். உப்பளமாயின் விடியுமுன் செல்லுங்கள். நீர் எங்கே வைக்கப்பட்டுள்ளது, நிழல் எங்கே உள்ளது, கூலியை எண்ணித் தருபவர் யார், பெண்கள் எங்கே ஒதுங்குகின்றனர் என்று கவனியுங்கள். இவற்றைக் கண்டறிந்த பின்னர் பொறுமையைப்பற்றி நீங்கள் பிரசங்கித்தால், யார் பொறுக்க வேண்டும், எதைப் பொறுக்கலாகாது என்னும் வேறுபாடு உங்கள் சொல்லில் தானாகவே அமைந்துவிடும்.